ஜாக்கி வைக்கிற இடம்

குருவுக்கு முப்பது வயது. சீடனுக்கு ஐம்பத்திரண்டு.

போடிமெட்டு மலைப்பாதை ஏறத் தொடங்குகிற இடத்தில், முந்தல் ரோட்டோரம் ஒரு தகரக் கொட்டகை. அங்கே ஜீப் ரிப்பேர் பார்த்தாள் ஒச்சம்மாள். ஏலத்தோட்டத்துக்குக் கூலிப் பெண்களை ஏற்றிப் போகிற ஜீப்புகள் எல்லாம் அவளிடம்தான் வரும். மலை ஏறி இறங்குகிற வண்டியில் முன்சக்கரத்துச் சாமான்கள்தான் முதலில் தேயும். அந்த வேலையில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று டிரைவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். அவள் காதில் விழுகிற மாதிரி பேசமாட்டார்கள்.

மொக்கைச்சாமி அதே மலையில் இருபது வருஷம் ஜீப் ஓட்டியவர். இடது கண்ணில் பார்வை மங்கியதும், யாரும் சொல்வதற்கு முந்தியே சாவியை முதலாளி கையில் கொடுத்துவிட்டு வந்தார். கொஞ்ச நாள் வீட்டில் சும்மா இருந்து பார்த்தார். முடியவில்லை. ஒருநாள் கொட்டகை வாசலில் வந்து நின்றார்.

“தாயி, இத்தனை காலம் ஓட்டிட்டேன். உள்ள என்ன நடக்குதுன்னு தெரியாமலே ஓட்டியிருக்கேன். எனக்குக் கத்துக் குடு.”

ஒச்சம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“கேள்வி கேப்பீங்களாண்ணே?”

“கேப்பேன்.”

“நான் பதில் சொல்லமாட்டேன். பரவாயில்லையா?”

“ஏன் தாயி, வாய் வலிக்குமா?”

“சொன்னா நீங்க தலையை ஆட்டிட்டுப் போயிருவீங்க.”

அவ்வளவுதான் பேச்சு. ஒரு ஸ்பேனரை எடுத்து நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார்.

டீக்கடையில் சிரிப்பாய்ச் சிரித்தார்கள். “என்ன மாமா, பச்சப்பிள்ளைக்காரிகிட்ட டியூசனாமே?” என்றான் ஒருவன்.

“ஆமா மாப்ள. உன்னையும் சேக்கச் சொல்லிக் கேட்டேன். ஒண்ணாப்பு முடிச்சிட்டு வரச் சொல்லுச்சு,” என்றார் மொக்கைச்சாமி.

அவர் கேள்விக்குப் பஞ்சமில்லாதவர். கிரீஸ் ஏன் கறுக்குது, சாயங்காலம் இறுக்கின நட்டு காலையில ஏன் இளகுது, ஒரு டயர் மட்டும் ஏன் உள்பக்கமாத் தேயுது. கேட்டுக்கொண்டே இருப்பார். ஒச்சம்மாள் ஏதாவது ஒன்றைத் தூக்கி அவர் கையில் வைப்பாள். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அவராகவே ‘அட’ என்பார். அந்த ‘அட’ வருகிற வரைக்கும் அவள் அடுத்த வேலையைத் தொடுவதில்லை.

அவர் இப்படிப் படித்துக்கொண்டிருந்த காலத்தில் வீட்டை இழுத்துக்கொண்டு போனது அவர் மனைவி பேச்சியம்மாள். விடியுமுன்னே தூக்குவாளியோடு ஜீப் ஏறுவாள். ஏலக்காய்ச் செடிக்குள் நாளெல்லாம் குனிந்தபடி பழம் எடுத்துவிட்டு, பொழுது சாய இறங்குவாள்.

ஒருநாள் சாயங்காலம் தவசியின் ஜீப் கொட்டகை முன்னால் வந்து நின்றது. பேச்சியம்மாள் போய்வருகிற ஜீப் அதுதான். பெண்கள் ஒவ்வொருவராகக் குதித்து இறங்கினார்கள். கடைசியில் பேச்சியம்மாள் இறங்கினாள். கால் தரையில் பட்ட பிறகும் பின்பக்கக் கம்பியைப் பிடித்த கையை உடனே எடுக்கவில்லை.

மொக்கைச்சாமி பக்கத்தில் போனார். “என்ன, கால் மரத்துப் போச்சா?”

“ஒண்ணுமில்ல.”

“இடுப்பா?”

“ஒண்ணுமில்லங்கிறேன்ல. ஊரே பாக்குது, தள்ளி நில்லுங்க.”

முந்தானையை உதறிச் செருகினாள். விறுவிறுவென்று நடந்தாள். முன்னால் போன பெண்களையும் தாண்டிப் போனாள். மொக்கைச்சாமி நல்ல கண்ணால் பார்த்துக்கொண்டே நின்றார். நடையில் ஒரு குறையும் தெரியவில்லை.

டிரைவர் தவசி சாவியை விரலில் சுழற்றியபடி ஒச்சம்மாளிடம் வந்தான். “மேஸ்திரி, முன்னால இடது பக்கம் கடக்கு கடக்குங்குது. பள்ளத்துல விழுந்தா ஒரு சத்தம், கொண்டை ஊசியில ஒடிச்சா ஒரு சத்தம். விடியக்காலம் எனக்கு வண்டி வேணும்.”

ஒச்சம்மாள் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தாள். கொட்டகையின் குறுக்குச் சட்டத்தில் கொக்கி போட்டு, கொக்கியில் வளையம் மாட்டி, அதில் ஸ்பிரிங் தொங்கவிட்டுக் கட்டிய சேலைத் தொட்டில். உள்ளே அவளுடைய எட்டு மாதப் பிள்ளை, தூங்குவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு கிடந்தது.

“அண்ணே, நீங்க பாருங்க,” என்றாள்.

தனியாக ஒரு வண்டியைப் பார்க்கச் சொன்னது அதுதான் முதல் தடவை. மொக்கைச்சாமி சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். ஜாக்கியை எடுத்தார். இருபது வருஷம் மலைப்பாதையில் பஞ்சர் மாற்றிய கை அது. எடுத்த ஜாக்கி, அவரைக் கேட்காமலே வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸுக்கு அடியில் போய் உட்கார்ந்தது.

சக்கரம் தரையைவிட்டு எழும்பியது. மேலே ஒரு கை, கீழே ஒரு கை வைத்து ஆட்டினார். அசையவில்லை. இரண்டு பக்கமும் பிடித்து ஆட்டினார். அசையவில்லை. தவசியையும் கூப்பிட்டு ஆட்டச் சொல்லிவிட்டு, மல்லாக்கப் படுத்து, டார்ச் அடித்துப் பார்த்தார். சக்கரத்தையும், அதை வண்டியோடு பிடிக்கிற லோயர் ஆர்ம் என்கிற இரும்புக் கையையும் சேர்க்கிற பால் ஜாயிண்ட் நேர் மேலே தெரிந்தது. கிண்ணத்துக்குள் இரும்புக் குண்டு உட்கார்ந்து, எந்தப் பக்கமும் திரும்புகிற மூட்டு. அதன் ரப்பர் உறை ஓரத்தில் கொஞ்சம் கிழிந்திருந்தது. ஆனால் மூட்டு ஆடவில்லை.

எழுந்து முதுகைத் தட்டிக்கொண்டார்.

“கெட்டியா இருக்கு தாயி. ஆட்டமே இல்ல. சாக் அப்சார்பர் புஷ்ஷாத்தான் இருக்கும். அது சத்தம் மட்டும்தான் போடும், ஆளைக் கவுக்காது.”

“அப்பிடிச் சொல்லுங்க,” என்றான் தவசி. “நான் காலையில எடுத்துக்கிறேன்.”

ஒச்சம்மாள் தொட்டிலை ஆட்டுவதை நிறுத்தவில்லை.

“இதுல மதினியை ஏத்துவீங்களாண்ணே?”

“தினமும் இதுலதான போறா.”

“நேத்துப் போனதைக் கேக்கல.”

மொக்கைச்சாமிக்கு முகம் சுருங்கியது. திரும்பிப் போய் மறுபடி படுத்தார். மறுபடி ஆட்டச் சொன்னார். மறுபடியும் அசையவில்லை. பால் ஜாயிண்ட் போனால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். பதினோராவது கொண்டை ஊசி வளைவில், சக்கரம் ஒரு பக்கம் மடங்கி, ரோட்டில் மூக்கைக் குத்திக்கொண்டு கிடந்த ஜீப்பை அவர் பார்த்திருக்கிறார். அங்கே ரோடு அகலம். அதனால் எல்லாரும் பிழைத்தார்கள். மற்ற வளைவெல்லாம் அத்தனை அகலமில்லை.

வெளியே வந்து, சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தார்.

“ஆட்டம் இல்ல. சத்தம் இருக்கு. அது எப்பிடித் தாயி?”

“தொட்டில் மாட்டியிருக்கிற வளையத்தை ஆட்டிப் பாருங்க.”

“தொட்டிலையா?”

“வளையத்தை.”

தவசி சிரித்தான். “அண்ணே, நாளையில இருந்து பிள்ளை பாக்குற வேலைதான் உங்களுக்கு.”

மொக்கைச்சாமி ஒரு ஆயில் டின்னைக் கவிழ்த்துப் போட்டு ஏறி நின்றார். வளையத்தைப் பிடித்து அசைத்தார். அது கொக்கியோடு ஒட்ட வைத்த மாதிரி இருந்தது.

“கெட்டியாத்தான் இருக்கு.”

ஒச்சம்மாள் குனிந்து பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“இப்ப ஆட்டுங்க.”

தொட்டால் போதும் என்று காத்திருந்தது போல வளையம் கொக்கிக்குள் கடகடவென்று ஆடியது. அவர் அதை மெல்லத் திருப்பினார். கொக்கியில் உட்கார்ந்திருந்த இடம் மட்டும் தேய்ந்து, பாதிக் கனம்தான் மிச்சம் இருந்தது. பக்கத்திலேயே தொட்டிலைச் சட்டத்தோடு சேர்த்துக் காவலுக்கு ஒரு நைலான் கயிறு புதிதாகக் கட்டியிருந்ததை அப்போதுதான் கவனித்தார்.

“இது எப்பத் தெரிஞ்சது தாயி?”

“காலையில. குளிப்பாட்டத் தூக்குனேன்ல, அப்ப.”

“அதுக்கு முன்னால?”

“அதுக்கு முன்னால நல்லாத்தான் இருந்துச்சு,” என்றாள் ஒச்சம்மாள்.

மொக்கைச்சாமி டின்னிலிருந்து இறங்கவில்லை. வெறும் தொட்டிலைப் பார்த்தார். ஜீப்பைப் பார்த்தார். ஜீப்புக்கு அடியில் நிற்கிற ஜாக்கியைப் பார்த்தார். தவசி ஏதோ சொல்ல வந்தான். ஒச்சம்மாள் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள்.

அவர் இறங்கினார். ஜாக்கியைத் தளர்த்தி வெளியே இழுத்தார். சேஸிஸைத் தூக்கினால் வண்டி எழும்பும், சக்கரமும் எழும்பும். ஆனால் உள்ளே இருக்கிற ஸ்பிரிங் சும்மா இருப்பதில்லை. அது லோயர் ஆர்மைக் கீழே அமுக்கிக்கொண்டேதான் இருக்கும். அந்த அமுக்கம் இருக்கிற வரைக்கும் பால் ஜாயிண்ட் எப்படி அசையும்?

ஜாக்கியை லோயர் ஆர்முக்கு அடியில், பால் ஜாயிண்டுக்குப் பக்கத்திலேயே வைத்தார். தூக்கினார். ஒரு கடப்பாரையை டயருக்கு அடியில் கொடுத்து லேசாக நெம்பினார்.

டக் என்றது.

இறக்கி மறுபடி நெம்பினார். டக். டார்ச் அடித்துப் பார்த்தார். கிண்ணத்துக்குள் குண்டு அரை விரற்கடை அளவுக்கு ஏறி இறங்கியது.

“அட,” என்றார். அந்த ‘அட’வில் சந்தோஷமில்லை.

“வீல் பேரிங்கா இருக்குமோ?” என்று கேட்டார். பேரிங்காக இருந்துவிட்டால் தேவலை என்பது போலக் கேட்டார்.

“பிரேக்கை மிதிச்சிக்கச் சொல்லுங்க. பேரிங்குன்னா ஆட்டம் நிக்கும்.”

தவசி ஏறி பிரேக்கை மிதித்துப் பிடித்தான். மொக்கைச்சாமி நெம்பினார். டக்.

தவசி இறங்கி வந்தான். அவன் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை.

“நாளைக்கு ஒரு நாள் போய்ட்டு வந்துர்றேன் மேஸ்திரி. நாளக்கழிச்சு மாத்துங்க. வண்டி நின்னா அத்தனை பேருக்கும் அன்னைக்குக் கூலி போச்சு. எல்லாரும் என்னையத்தான் ஏசுவாங்க.”

“அண்ணன்தான வண்டி பாத்தாரு,” என்றாள் ஒச்சம்மாள். “அவரைக் கேளு.”

தவசி அவர் பக்கம் திரும்பினான். “அண்ணே, நீங்க ஓட்டாத மலையா? மெதுவாப் போய் மெதுவா வந்துருவேன். இத்தனை நாள் ஓடலையா?”

மொக்கைச்சாமி டார்ச்சை அணைத்தார். வண்டி நின்றால் அவர் வீட்டிலும் ஒருநாள் கூலி இல்லை. அந்தக் கூலியில்தான் அடுப்பு எரிந்தது. காலையில் ஜீப்புக்காக நிற்கிற பெண்கள் அவர் பேரைச் சொல்லித்தான் திட்டுவார்கள். கெட்டியாக இருக்கிறது என்று சொன்னதும் அவர் வாய்தான்.

“இத்தனை நாள் ஓடியிருக்கே,” என்றார். “அதை நெனச்சாத்தான்டா பயமா இருக்கு. சாவியைக் குடு.”

தவசி ஒச்சம்மாளைப் பார்த்தான். அவள் பிள்ளையின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவன் சாவியைக் கொடுத்தான்.

அன்றைக்கு ராத்திரி சோறு போட்ட பேச்சியம்மாளிடம் மொக்கைச்சாமி சொன்னார். “நாளைக்கு ஜீப் ஓடாது. நான்தான் நிப்பாட்டிட்டேன்.”

சண்டைக்கு வருவாள் என்று நினைத்தார். அவள் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“நெசமாவே ஓடாதா?”

“ஓடாது.”

“சரி,” என்றாள்.

மறுநாள் தேனி பஸ்ஸில் சாமான் வந்தது. கண்டக்டர் ஜன்னல் வழியாக நீட்ட, மொக்கைச்சாமி வாங்கி வந்தார். இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று, இரண்டு பால் ஜாயிண்ட். இரண்டு பக்கமும் சேர்ந்துதானே மலை ஏறியிருக்கின்றன என்று ஒச்சம்மாள் இரண்டாகவே சொல்லிவிட்டிருந்தாள்.

இடது சக்கரத்தைக் கழற்றினார். ஜாக்கி லோயர் ஆர்முக்கு அடியிலேயே நின்றது. நட்டு கழலாமல் பூட்டியிருந்த, துரு ஏறிய ஸ்பிளிட் பின்னைக் குறடால் நிமிர்த்தி உருவினார். நட்டை இளக்கிக்கொண்டே போனார்.

“முழுசாக் கழட்டாதீங்க. நாலு மரை உள்ள இருக்கட்டும்.”

“ஏன் தாயி?”

இந்தத் தடவை அவள் கையில் எதையும் வைக்கவில்லை. வாயாலேயே சொன்னாள். “ஸ்பிரிங் உள்ள அமுங்கிக் கெடக்கு. விட்டா மூஞ்சியப் பேத்துரும்.”

“இதை மட்டும் சொல்லித் தர்ற?”

“இதைப் பட்டுத் தெரிஞ்சுக்க ஆள் மிஞ்சணுமே.”

மொக்கைச்சாமி சிரித்துக்கொண்டே சுத்தியலை எடுத்தார். பால் ஜாயிண்ட் தண்டின் நுனியில் அடிக்க ஓங்கினார். ஒச்சம்மாள் அவர் மணிக்கட்டைப் பிடித்து, பக்கவாட்டில் திருப்பினாள். தண்டைக் கவ்விப் பிடித்திருக்கிற, சக்கரம் மாட்டுகிற நக்கிளின் காதில் இந்தப் பக்கம் அவர் ஒரு அடி, அந்தப் பக்கம் அவள் ஒரு அடி. அடித்துக்கொண்டே இருந்தார்கள். ஒன்றும் அசைகிற மாதிரித் தெரியவில்லை. அவர் நிறுத்திவிட்டு வியர்வையைத் துடைக்கப் போன நேரத்தில், தானாகவே ‘டப்’ என்று விட்டுக்கொடுத்தது.

பிறகு ஆர்மில் இருந்த நாலு போல்ட்டையும் எடுத்தார்கள். பழைய பால் ஜாயிண்ட் கையோடு வந்தது.

அவர் அதை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். கிழிந்த உறைக்குள் தோட்டத்துச் செம்மண்ணும் தண்ணீரும் புகுந்து, கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் காப்பிப் பொடி மாதிரித் துருப்பொடி இருந்தது. சாய்த்தால் குண்டின் தண்டு தன் கனத்திலேயே இந்தப் பக்கம் விழுந்தது. திருப்பினால் அந்தப் பக்கம் விழுந்தது. புதியதை எடுத்து, கட்டைவிரலால் தள்ளிப் பார்த்தார். அது இலேசில் அசைந்து கொடுக்கவில்லை. இரண்டையும் மாறி மாறி அசைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“இது எத்தனை நாளா இப்பிடி இருந்திருக்கும் தாயி?”

“சத்தம் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே.”

“ஆனா அத்தனை நாளும் மலை ஏறியிருக்கு.”

“ஏறியிருக்கு.”

“ஆளு ஏறுனா கெட்டியாயிருது. சும்மா நின்னாத்தான் ஆடுது,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஏதோ ஒரு வேடிக்கையைக் கண்டுபிடித்த மாதிரி அவர் முகம் இருந்தது. “என்ன சாமான் தாயி இது. வேலை செய்யுறப்ப நோவே இல்லாத மாதிரி நடிக்குது.”

ஒச்சம்மாள் புதியதை வாங்கி ஆர்மில் உட்கார வைத்தாள். “போல்ட்டைக் குடுங்க.”

கொடுத்தார். முதல் போல்ட் கையாலேயே ஏறியது.

“மதினி என்ன பண்றாங்க?”

“படுத்திருக்கா. பொழுது விடிஞ்சு வெயில் வந்த பெறகும் எந்திரிக்கல. அவ அப்பிடிப் படுத்து நான் பாத்ததே இல்ல. கெடைக்காதது கெடைச்சிருக்கு, நல்லாத் தூங்கட்டும்னு வந்துட்டேன்.”

“தூங்குனாங்களா?”

மொக்கைச்சாமி அடுத்த போல்ட்டைத் துணியால் துடைத்தார். “கண்ணு முழிச்சுத்தான் இருந்துச்சு.”

“கேட்டீங்களா?”

“கேட்டேன். ஒண்ணுமில்லைன்னா. எப்பவும் அவ சொல்றது அதான்.”

“எந்திரிச்சு நடந்ததைப் பாத்தீங்களா?”

“பாக்கல. சாமான் வர்ற பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

துடைத்த போல்ட்டையே அவர் மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தார். ஒச்சம்மாள் அதை அவர் விரல்களிலிருந்து எடுத்தாள். மற்றக் கையில் இருந்த ஸ்பேனரையும் எடுத்துக்கொண்டாள். ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து அவர் தோளில் போட்டாள்.

“இன்னும் வலது பக்கம் இருக்கே தாயி. தவசி சாயங்காலம் வந்துருவான்.”

“நான் முடிச்சு வச்சிருவேன்.”

“நானும் இருந்தா வெரசா முடியும்ல.”

அவள் சக்கரத்தின் முன்னால் போய் உட்கார்ந்தாள். இரண்டாவது போல்ட்டை மரையில் பொருத்தித் திருகினாள். அவரைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

“இன்னைக்கு விட்டா, நாளைக்கு மதினி ஜீப்புல ஏறிருவாங்கண்ணே.”